குற்றப்பத்திரிகையில் இல்லாத ஆள்

ஆட்டோ சங்கர் என்றால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே தெரியும். எண்பதுகளின் கடைசியில் திருவான்மியூர்ப் பக்கம் நடந்த கொலைகள், சிறையிலிருந்து அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாறு, அதை வெளியிடுவது பற்றி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு, 1995-இல் சேலம் மத்திய சிறையில் தூக்கு. இத்தனையும் ஞாபகத்தில் வைத்திருப்பவர்களிடம், கொல்லப்பட்ட ஆறு பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். குற்றச் செய்தி எழுதியே பிழைக்கும் என் நண்பர்களிடமும் கேட்டிருக்கிறேன். பதில் வராது.

கொங்கு மாவட்டங்களில் நெடுநாள் கிரைம் செய்தியாளராக இருந்தேன். இப்போது பழைய வழக்குகளை ஒலித்தொடராக எழுதுகிறேன். கொன்றவர் பெயர் நிலைத்துவிடுகிறது, செத்தவர் பெயர் போய்விடுகிறது. இது ஏன் இப்படி என்ற கேள்வி இந்த வேலையில் என்னை விடாமல் துரத்தியிருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று நான் நினைக்கவில்லை. எங்கள் கைக்குத் தகவல் வந்து சேரும் விதமே அப்படி.

ஒரு கொலை வழக்கின் கட்டைப் பிரித்துப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனைச் சான்று, சாட்சிகளின் வாக்குமூலங்கள், கடைசியில் குற்றப்பத்திரிகை. இதில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு முழு வாழ்க்கை இருக்கும். எங்கே படித்தார், யாரிடம் கடன் வாங்கினார், எந்தக் கடையில் அரிவாள் வாங்கினார், அன்று காலை எந்தப் பேருந்தில் ஏறினார் என்று மணிவாரியாக எழுதியிருப்பார்கள். எழுதித்தான் ஆக வேண்டும், அதை நிரூபிப்பதுதான் அரசுத் தரப்பின் வேலை. இறந்துபோனவருக்கு அந்தக் கட்டில் இருப்பதெல்லாம் உயரம், நிறம், உடுத்தியிருந்த துணி, காயங்களின் நீள அகலம். அவர் எப்படிச் சிரிப்பார் என்று எந்த மகஜரிலும் இருக்காது. இந்தக் கட்டை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால், எழுதுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கதை கொன்றவரின் தோளில் உட்கார்ந்துதான் நகரும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம்.

காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். மற்றதெல்லாம் தள்ளுபடி. அடித்து வாங்கியிருக்கலாம், பயந்து சொல்லியிருக்கலாம், தப்பிக்கச் சொல்லியிருக்கலாம் என்பதால் சட்டம் வைத்திருக்கும் வேலி அது. ஆனால் மறுநாள் செய்தித்தாளில் 'பரபரப்பு வாக்குமூலம்' என்று வருவது அதே வாக்குமூலம்தான். பல வருஷம் கழித்து யாராவது அந்த வழக்கை வீடியோவாகவோ தொடராகவோ எடுக்கும்போது, அந்தச் செய்தித் துணுக்குதான் கதைக்கு முதுகெலும்பாகிறது. நீதிமன்றம் தொடக்கூட மறுத்த காகிதம் ஊருக்கு வரலாறாகிவிடுகிறது.

அதில் இறந்தவரைப் பற்றி என்ன இருக்கும்? கொன்றவர் சொன்னது இருக்கும். 'நடத்தையில் சந்தேகம்', 'கண்டித்தும் கேட்கவில்லை', 'ஆத்திரத்தில் வெட்டிவிட்டேன்'. மறுத்துப் பேச வேண்டியவர் பிணவறையில் கிடப்பார்.

பின்னலாடைத் தொழில் நடக்கும் ஒரு ஊரில் கணவரால் கொல்லப்பட்ட பெண்ணின் வழக்கை எழுதப் போனபோது, அவருடைய தம்பி வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினார். குரல் உயரவில்லை. "எங்க அக்காவைப் பத்தி அவன் சொன்னதைத்தானுங்க எல்லாரும் போட்டீங்க. அக்கா எப்படி இருந்துச்சு, என்ன பண்ணுச்சுன்னு எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கலீங்களே." நான் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு ரெக்சின் கைப்பையை எடுத்துவந்து திண்ணையில் வைத்தார்.

அந்தப் பையில் சீட்டு கட்டிய ரசீதுகள் இருந்தன. மகளின் பள்ளிக் கட்டண ரசீது இருந்தது. பனியன் கம்பெனி அடையாள அட்டை இருந்தது, ஓவர்லாக் மெஷினில் வேலை. நடுவில் நாலாக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு தாள். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது. கொலைக்குச் சில மாதங்களுக்கு முந்தைய தேதி. கணவர் அடிப்பதாகப் புகார். பேசி அனுப்பிவைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஒரு தாள் கதையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. ஊர் அறிந்த கதையில் திடீர் ஆத்திரமும் ஒரு கணவரின் சந்தேகமும் இருந்தன. உண்மையில், தன்னைக் காப்பாற்றச் சொல்லி அரசாங்கத்தின் வாசலில் போய் நின்ற ஒரு பெண் இருந்தார். சீட்டுப் பணம் கட்டிக்கொண்டு, மகளின் ஃபீஸ் கட்டிக்கொண்டு, அடி வாங்கிக்கொண்டு, அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் படித்த எந்தச் செய்தியிலும் அந்தப் பெண் இல்லை. அந்தத் திண்ணைக்குப் போனால்தான் கிடைப்பார்.

இது சாதாரண வீட்டு வழக்குகளில் மட்டும் நடப்பதில்லை. கண்ணகி–முருகேசன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட இருவரை விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்க் காவல் துறை எழுதிய முதல் கதையில் முருகேசனின் உறவினர்களும் குற்றவாளிகள். மகனைப் பறிகொடுத்த தரப்பே கொலைகாரத் தரப்பும் ஆனது. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். தண்டிக்கப்பட்டவர்களில் காவல் துறையினரும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2025 ஏப்ரலில். முதல் வாரத்துக் காவல் துறைக் கதையை அப்படியே நம்பி எழுதியிருந்தால், அந்தக் குடும்பம் இத்தனை வருஷமும் என்னவாக அறியப்பட்டிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

சாதியின் பெயரால் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் வழக்கும் அப்படித்தான் தொடங்கியது. 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல், கூடவே தற்கொலைக் கடிதம் ஒன்று. அந்தத் தாய் அதை ஏற்கவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள், கோகுல்ராஜ் கடைசியாகக் காணப்பட்ட திருச்செங்கோடு கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023-இல் தண்டனை உறுதியானது. காகிதத்தை மட்டும் பார்க்காமல் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகளுக்கே தோன்றியிருக்கிறது. எழுதுகிற நமக்கு அது தோன்றாமல் இருக்கலாமா?

சரி, குடும்பத்திடம் போகிறோம். எப்போது போவது, எதை எழுதுவது?

காரியம் முடியும்வரை நான் வாசல் மிதிப்பதில்லை. தினச்செய்தி வேலையில் இது முடியாது. "போட்டோ தேத்திட்டியா?" என்றுதான் டெஸ்க்கிலிருந்து முதல் போன் வரும். கல்யாண ஆல்பத்திலிருந்து, வாட்ஸ்அப் முகப்புப் படத்திலிருந்து, எப்படியாவது ஒரு படம் வேண்டும். ஒலித்தொடருக்கு அந்த அவசரம் இல்லை, அதனால்தான் இந்த வடிவம் எனக்குப் பிடித்திருக்கிறது. படமே வேண்டாம். சிவப்பு வட்டம் போட்டு அம்புக்குறி வைத்த முகம் வேண்டாம்.

பெயர் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ பிரிவில் குற்றம், இப்போது பாரதிய நியாய சம்ஹிதா 72-இல் குற்றம். குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு. இறந்துவிட்டாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பான 1994 தீர்ப்பிலும் இது இருக்கிறது. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம் என்று பத்திரிகைகளுக்கு உரிமை கொடுத்த அதே தீர்ப்பு, பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயரை வெளியிட்டு அவர்களை மேலும் இழிவுபடுத்தக் கூடாது என்று விலக்கும் வைத்தது. உரிமையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். விலக்கை அவ்வளவாகக் காட்டுவதில்லை.

மாவட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம்மைப் படிப்பவர்கள் அதே தெருக்காரர்கள். பெயரை மறைத்துவிட்டு 'பேக்கரி வைத்திருப்பவரின் இரண்டாவது மகள், மாரியம்மன் கோயில் தெரு' என்று எழுதினால் பெயரைச் சொன்னதற்குச் சமம். சென்னைப் பத்திரிகையில் அது வெறும் விவரம். உள்ளூரில் அது ஆள்காட்டி விரல். அதனால் எழுதி முடித்ததும் ஒருமுறை அந்த ஊர்க்காரராகப் படித்துப் பார்க்கிறேன். தகப்பனார் தொழில், பள்ளியின் பெயர், பேருந்து நிறுத்தம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். கதை கொஞ்சம் வெளிறும். வெளிறட்டும்.

இதை மிகை என்று நினைப்பவர்கள் 2024 டிசம்பரில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை அவரது அடையாளத்தோடு இணையத்தில் கசிந்ததை நினைத்துப் பார்க்கலாம். அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்ன உயர் நீதிமன்றம், அந்த அறிக்கை எழுதப்பட்ட மொழியையும் கண்டித்தது. அரசு ஆவணம் என்பதாலேயே அது நடுநிலையான எழுத்து ஆகிவிடாது. அடுத்தது பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்ததே, அதில் சொன்னதை மாற்றிச் சொன்ன பிறழ்சாட்சி என்று ஒருவரும் இல்லை. பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கை இல்லாமல் அந்தப் பெண்கள் எப்படிக் கூண்டேறியிருப்பார்கள்?

குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும்போது நாம் கேட்க நினைத்ததைவிட அவர்கள் கேட்பது அதிகம். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று 90 நாட்களுக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்வதை நான் சொல்லும்போது, 'அப்படியா' என்பார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு மனுப் போடலாம் என்பதும் அப்படித்தான். சம்மன் வந்த நாளில் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள், அன்றைக்கு வாய்தா போட்டிருப்பார்கள்.

ஒரு அம்மா என்னிடம் கேட்டது மகனின் போனை. "அதுலதான் அவன் போட்டா எல்லாம் இருக்குது கண்ணு. கேசு முடிஞ்சா தருவாங்களா, இல்ல அவங்களே வச்சுக்குவாங்களா?" வழக்குக் கட்டில் அந்த போன் சான்றுப் பொருள், ஒரு சா.பொ. எண். அவன் போட்டிருந்த சட்டையும் அப்படியே. அந்தச் சட்டையை அவர் ஏற்கெனவே கூண்டில் நின்று அடையாளம் காட்டியிருந்தார். பழுப்புக் கவரிலிருந்து எடுத்து விரித்துக் காட்டி, இது உங்கள் மகனுடையதா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொன்னவர், பொத்தான் ஒன்று மாறியிருப்பதைக் காட்டி, அதைத் தைத்தது தான்தான் என்றும் சொல்லியிருக்கிறார். தீர்ப்பில் அது 'அ.சா.2 சா.பொ. 4-ஐ அடையாளம் காட்டினார்' என்று ஒரு வரி. அ.சா.2 என்றால் அரசுத் தரப்பின் இரண்டாவது சாட்சி. என் தொடரில் அந்தப் பொத்தானுக்கு ஒரு பக்கம் கொடுத்தேன். வெட்டு விழுந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் போதும் என்று பட்டது.

போனைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனுப் போட வழி இருக்கிறது. விசாரணைக்குத் தேவைப்படும்வரை கிடைப்பது கஷ்டம், ஆனால் அதிலிருக்கும் படங்களின் நகலைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். அவரிடமே அந்த அம்மாவை அனுப்பிவைத்தேன். இதெல்லாம் செய்தியாளர் வேலையா என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். அவர்களுடைய துக்கத்தை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். இதையும் என் வேலை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்ததும், இறந்தவரைப் பற்றிய பகுதிகளைக் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுகிறேன். வழக்கைப் பற்றிய பகுதிகளில் அவர்கள் கை வைக்க முடியாது, அது முதலிலேயே பேசிக்கொள்வது. சிலர் ஒரு வரியை எடுக்கச் சொல்வார்கள். சிலர் நான் எழுதாததைச் சேர்க்கச் சொல்வார்கள். நல்லா கபடி ஆடுவான், அதைப் போடுங்க என்பார்கள். சிலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு வழக்கை இந்த வருஷம் கைவிட்டேன். எல்லா ஆவணமும் இருந்தது, தீர்ப்பும் இறுதியாகிவிட்டது, சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் இணையத்தில் ஊர்ப்பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது என் தொடராக இருக்கக் கூடாது.