மொரேல் எட்டு

ரெண்டாம் உலகப் போர் கேம் ஒண்ணுல, ஒரு இத்தாலி டாங்க் ரெஜிமென்ட்டோட மொரேலுக்கு (மன உறுதிக்கு) பத்துக்கு எட்டு போட்டது சரிதானான்னு இன்னைக்கும் என்னால அடிச்சு சொல்ல முடியல. கேம் வெளிய வந்தாச்சு, ஆளுங்க விளையாடிட்டும் இருக்காங்க, அந்த நம்பர் இனிமே என் கையில இல்ல, ஆனாலும் டெஸ்டிங் சமயத்துல அந்த இத்தாலிக்காரர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விட மாட்டேங்குது, அதான் எழுதிப் பாக்கலாம்னு உக்காந்தேன்.

யூனிட் டேட்டா வேலை, அதாவது கேம்ல வர்ற ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் நம்பர் போடுற வேலை செஞ்சவங்களுக்கு மொரேல் கட்டத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. கவசம் எத்தனை மில்லிமீட்டர், பீரங்கி எவ்ளோ தூரத்துல எதைத் துளைக்கும், எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி, இதுக்கெல்லாம் பழைய ரிப்போர்ட் இருக்கும், பாத்து போட்டுட்டு போயிடலாம். மொரேலுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. ஒரு ரெஜிமென்ட்ல இருந்த நூத்துக்கணக்கான மனுசங்களோட நெஞ்சுரத்துக்கு பத்துக்கு இத்தனைன்னு நாமதான் மார்க் போடணும். ஜெர்மன் 15வது பான்சர் (டாங்க்) டிவிஷனுக்கு ஒன்பது போட்டப்போ ஒருத்தரும் ஏன்னு கேக்கல. இத்தாலியோட 132வது டாங்க் ரெஜிமென்ட்டுக்கு எட்டு போட்டேன், உடனே கூப்பிட்டாங்க.

"என்னங்க, இத்தாலிக்கு எட்டா? நாலு அஞ்சுதானே எல்லாரும் எதிர்பார்ப்பாங்க" ன்னாரு எங்க டீம் லீட்.

"இத்தாலிக்கு போடல, இந்த ரெஜிமென்ட்டுக்குத்தான் போட்டிருக்கேன்."

"விளையாடுறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அந்த நாலு அஞ்சு எங்கிருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 1940 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1941 பிப்ரவரிக்குள்ள பிரிட்டிஷ் படை எகிப்துலயும் லிபியாவுலயும் சுமார் 1,30,000 பேரைக் கைதியா புடிச்சுது, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மணல்ல வரிசையா நடந்து போற இத்தாலி கைதிங்க படம் உலகம் பூரா ஓடுச்சு, அந்தப் படம்தான் இன்னைக்கு வரைக்கும் எல்லார் மண்டையிலயும் இருக்கு. ஆனா 132 உருவானதே அதுக்கப்புறம்தான், 1941 செப்டம்பர்ல, இத்தாலியோட அரியேட்டேங்குற டாங்க் டிவிஷனுக்குள்ள. முன்னாடி வருசம் கைதியா போனவங்க பேரை இவங்க தலையில எழுதுறது எந்த ஊர் நியாயம்? இதைத்தான் நான் லீட் கிட்ட சொன்னேன், கொஞ்சம் சத்தமாவே சொல்லியிருப்பேன்.

அவங்க கையில என்ன இருந்துச்சுன்னு பாருங்க. எம்13/40. பதினாலு டன் வண்டி, 125 குதிரைசக்தி டீசல் எஞ்சின், அந்த எடைக்கு அது பத்தவே பத்தாது, பாலைவன மணல்ல இன்னும் மோசம். 47 மில்லிமீட்டர் பீரங்கி, 1941ல அது பரவாயில்ல, அந்த நேரத்து பிரிட்டிஷ் டாங்குகளோட மல்லுக்கு நிக்கலாம். கவசத் தகடெல்லாம் வெல்டிங் கிடையாது, ரிவெட் அடிச்சது. வெளிய குண்டு பட்டா அந்த ரிவெட் தலை தெறிச்சு உள்ள இருக்குற நாலு பேர் மேலயே பாயும். அதாவது குண்டு தகட்டைத் துளைக்கலன்னாலும் உள்ள இருக்குறவனுக்கு ஆபத்துதான். இது தெரிஞ்சேதான் தினம் காலையில அதுக்குள்ள ஏறி உக்காந்திருக்காங்க, இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?

1941 நவம்பர் 19, லிபியா பாலைவனத்துல பிர் எல் குபி. பிரிட்டிஷ் 22வது ஆர்மர்ட் பிரிகேட், புத்தம்புது க்ரூசேடர் டாங்குங்க, சரியான காலாட்படை, பீரங்கி துணையில்லாம நேரா அடிச்சு ஓட்டிட்டு வந்துச்சு. பெர்சாலியேரிங்குற இத்தாலி காலாட்படை வீரர்கள் குழி தோண்டி உக்காந்திருந்தாங்க, பின்னாடி லாரி மேல ஏத்துன 102 மில்லிமீட்டர் பீரங்கிங்க, அப்புறம் 132வோட எம்13ங்க எதிர்த்தாக்குதலுக்கு வந்துச்சு. சாயங்காலம் பிரிட்டிஷ் பக்கம் சுமார் 40 டாங்க் போச்சு (எண்ணிக்கை ஆளாளுக்கு மாறும்), இத்தாலி பக்கம் 34. ஜெயிச்சதுல பாதிக்கு மேல பெர்சாலியேரிக்கும் பீரங்கிக்காரங்களுக்கும் சேர வேண்டியது, அதை நான் மறைக்கல, லீடுக்கு அனுப்புன நோட்லயும் எழுதுனேன். ஆனா அன்னைக்கு அந்த டாங்குங்க வெளிய வரலன்னா கதை வேற.

அப்புறம் 1942 மே 27. இது எனக்கு சொல்லும்போதே கொஞ்சம் சங்கடமான இடம். லிபியாவுல நடந்த கஸாலா சண்டையோட முதல் காலை, அரியேட்டே நேரா போய் மோதுனது 3வது இந்தியன் மோட்டார் பிரிகேட் மேல. நம்ம ஆளுங்க அப்பதான் அந்த இடத்துக்கு வந்து சேந்திருந்தாங்க, தோண்டி முடிக்கக்கூட இல்ல, டாங்க் எதிர்ப்பு பீரங்கியும் கம்மி. கொஞ்ச நேரத்துலயே டாங்குங்க உள்ள ஏறிடுச்சு. 18வது கேவல்ரியோட இருந்த வால்டர் கோவன்னு ஒரு ரிட்டயர்டு அட்மிரல், 70 வயசு, ரிவால்வரை வச்சே ஒரு இத்தாலி டாங்க்கை எதிர்த்து நின்னு புடிபட்டாரு. லீட் இதை எடுத்துப் போட்டாரு: "நம்ம பிரிகேடை மிதிச்சவங்களுக்கு நீங்களே எட்டு போடுறீங்க." வருத்தப்பட்டுத்தான் சொன்னாருன்னு நினைக்கிறேன். நான் சொன்ன பதில், நம்ம ஆளுங்க நின்ன விதத்துக்கும் எட்டுதான் போட்டிருக்கேன், ஷீட்டைப் பாருங்கன்னு. நிஜமாவே போட்டிருந்தேன்.

அதே நாள் அங்கிருந்து 132வோட 9வது பட்டாலியன் பிர் ஹக்கீம் மேல போச்சு, ஃப்ரீ ஃப்ரெஞ்ச் படை (ஜெர்மனிக்கு அடங்காம சண்டையைத் தொடர்ந்த பிரெஞ்சுக்காரங்க) காத்துட்டு இருந்த கோட்டை அது. கண்ணிவெடி வயலுக்குள்ளயே நேரா ஓட்டிட்டு போனாங்க. முப்பதுக்கு மேல டாங்க் அங்கயே போச்சு. பட்டாலியன் கமாண்டர் பிரெஸ்டிசிமோனே காயத்தோட பிரெஞ்சுக்காரங்க கிட்ட கைதியானாரு. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கடைசியா 1942 நவம்பர் 4, எகிப்துல எல் அலமேன். ஜெர்மன்காரங்க மேற்கே பின்வாங்க ஆரம்பிச்சிருந்த நேரம், அரியேட்டே நின்னுது. எதிர்ல பிரிட்டிஷ் 7வது ஆர்மர்ட் டிவிஷன், அதுக்குள்ள அதே 22வது ஆர்மர்ட் பிரிகேட். ஒரு வருசத்துக்கு முன்னாடி பிர் எல் குபியில இவங்க கிட்ட அடி வாங்கின அதே பிரிகேட், ஆனா இப்ப அவங்க கிட்ட 75 மில்லிமீட்டர் பீரங்கி வச்ச கிராண்ட் டாங்க். இவங்க கிட்ட அதே 47, அதே ரிவெட். மத்தியானம் மூணரை வாக்குல டிவிஷன்ல இருந்து போன கடைசி ரேடியோ செய்தி: எதிரி டாங்குங்க தெற்கே உடைச்சு உள்ள வந்தாச்சு, அரியேட்டே சுத்தி வளைக்கப்பட்டிருக்கு, பிர் எல் அப்துக்கு வடமேற்கே அஞ்சு கிலோமீட்டர்ல இருக்கோம், அரியேட்டே டாங்குங்க சண்டை போடுது. அவ்ளோதான். ரெஜிமென்ட்டே இல்லாம போச்சு. அவங்களோட ஆயுதத்தால முடிஞ்சதை விட எப்பவும் அதிகமாவே அவங்க கிட்ட கேட்டோம்னு ஜெர்மன் தளபதி ரோமெலே பின்னாடி எழுதினாரு.

இதையெல்லாம் நோட்டா எழுதி அனுப்புனதுக்கு அப்புறம் லீட் ஒத்துக்கிட்டாரு. எட்டு நின்னுச்சு. அன்னைக்கு நான் எவ்ளோ சந்தோசப்பட்டேன்னு சொல்லணும், ஏதோ எண்பது வருசமா நடந்த ஒரு அநியாயத்துல என்னால முடிஞ்சதை நேர் பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. அந்த சந்தோசம் பொய்யில்ல. இப்பவும் அது பொய்யில்லன்னுதான் நினைக்கிறேன்.

முதல்ல சொன்ன அந்த இத்தாலிக்காரர் எங்க டெஸ்டர்கள்ல ஒருத்தர், வடகிழக்கு இத்தாலியில ஃப்ரியூலி பக்கம், போர்தெனோனே மாவட்டம். போருக்கப்புறம் திரும்ப உருவான 132 இன்னைக்கும் அங்கதான் கோர்தெனோன்ஸ்ல இருக்கு. 1975ல ரெஜிமென்ட்டைக் கலைச்சு, கொடியை 8வது பட்டாலியன் கிட்ட குடுத்து, 1992ல மறுபடி ரெஜிமென்ட் ஆச்சு, இப்ப அவங்க ஓட்டுற டாங்க் பேரும் அரியேட்டேதான், 2004ல இராக்ல நசீரியா வரைக்கும் போச்சு. அவருக்கு இந்த 132ங்குறது நம்மள மாதிரி எக்செல் ஷீட்ல பாத்த பேர் கிடையாது, ஊர்ல ரோட்டுல கேட்ட சத்தம். அவரோட தாத்தா அலமேன்ல இருந்தவர்.

கேம்ல வர்ற நவம்பர் 4 சண்டையை அவர்தான் திரும்பத் திரும்ப விளையாடி டெஸ்ட் பண்ணாரு. அப்புறம் ஒரு வீடியோ கால்ல, பக்ஸ் (கேம்ல இருக்குற தப்பு) எல்லாம் பேசி முடிச்சுட்டு, கேட்டாரு. "132 ஒரு தடவை கூட சரணடைய மாட்டேங்குது. சுத்தி வளைச்சாலும் கடைசி டாங்க் எரியுற வரைக்கும் நிக்குது. இது தெரியாம வந்த தப்பா, இல்ல வேணும்னே வச்சதா?"

வேணும்னேதான்னு சொன்னேன். எங்க ரூல் படி மொரேல் ஏழு, அதுக்கு மேல இருந்தா சுத்தி வளைக்கப்பட்ட யூனிட் சரணடையாது. ஏழுக்குக் கீழன்னா அடையலாம், ஆளுங்க கைதி கணக்குல போவாங்க. நான் கொஞ்சம் பெருமையாவே சொன்னேன், உங்க ரெஜிமென்ட்டுக்கு எட்டு வாங்கிக் குடுக்க நான் எவ்ளோ சண்டை போட்டேன் தெரியுமான்னு.

அவர் நன்றி சொன்னாரு. அப்புறம் கொஞ்சம் கழிச்சு, "எங்க தாத்தா டாங்க் எரிய ஆரம்பிச்சதும் வெளிய குதிச்சு கையைத் தூக்கிட்டாரு. அதனாலதான் ஊருக்குத் திரும்பி வந்தாரு, அதனாலதான் எங்கம்மா பொறந்தாங்க. உங்க கேம்ல அவர் வெளிய வர வழி இருக்கா?"

இல்லன்னு சொன்னேன். அந்த நம்பருக்கு இல்ல.

"ஓ, சரி" ன்னாரு. கோவப்படல. அதோட கால் முடிஞ்சுது, அந்தக் கேள்வியைப் பதிஞ்சிருந்த டிக்கெட்டை அவரே க்ளோஸ் பண்ணிட்டாரு, டிசைன் படி சரின்னு எழுதி.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துட்டு இருக்கேன். எனக்குள்ள ஒரு பதில் ரெடியா இருக்கு: ரூல் எழுதினது நான் இல்ல, சிஸ்டம் டீம், நான் நம்பர் மட்டும்தான் போட்டேன். ஆறு போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? பிர் எல் குபியிலயும் ஆறோடதான் நின்னிருப்பாங்க, முதல் அடியிலயே கலைஞ்சு ஓடியிருப்பாங்க, விளையாடுறவங்க பாத்துட்டு பாத்தியா இத்தாலின்னா இப்படித்தான்னு சொல்லியிருப்பாங்க. அது இவங்களுக்கு செய்யுற துரோகம் இல்லையா? அவர் தாத்தாவுக்கும் சேத்துத்தானே அது?

ஆனா இன்னொரு பக்கம், நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்னு யோசிச்சா, கவசம் கம்மி, பீரங்கி கம்மி, மொரேல் மட்டும் எட்டு. இந்த மூணு நம்பரும் சேந்தா என்ன ஆகும்னு டேட்டா வேலை செய்யுற எவருக்கும் தெரியும். விளையாடுறவங்க இவங்களை முன்னாடி நிறுத்திட்டு தங்களோட நல்ல யூனிட்டை பின்னாடி எடுத்துட்டுப் போவாங்க, இவங்க அசையாம நின்னு நேரம் வாங்கிக் குடுத்து முழுசா அழிவாங்க. நிஜ நவம்பர் 4ல நடந்ததும் அதுதான். அப்ப நான் வரலாறை சரியாத்தான் எழுதியிருக்கேன்னு ஆகுது. ஆனா நிஜத்துல அன்னைக்கு சாயங்காலம் நூத்துக்கணக்கான பேர் கைதியா உயிரோட இருந்தாங்க. என் ஷீட்ல ஒருத்தரும் இல்ல.

பிரெஸ்டிசிமோனே விஷயமும் இங்கதான் வருது. கண்ணிவெடிக்கு மேலயே டாங்க்கை ஓட்டிட்டு போனவர் அவர், கைதியா புடிபட்டவரும் அவர்தான், ஒரே நாள்ல. அவரை ஏழுக்கு மேல போடுவீங்களா கீழ போடுவீங்களா? அந்த நோட்டை எழுதினது நான்தான், அந்தப் பேரை டைப் பண்ணினதும் நான்தான், அப்ப எனக்கு இது தோணல, டெஸ்டர் கேட்ட பிறகுதான் தோணுச்சு. அதே மாதிரி அந்த காலையில புடிபட்ட நம்ம இந்திய வீரர்கள்ல நூத்துக்கணக்கான பேரை, குடுக்க தண்ணி இல்லாம எதிரிங்களே பாலைவனத்துல விட்டுட்டாங்க, அவங்க நடந்து பிர் ஹக்கீம் போய்ச் சேந்தாங்க, முற்றுகையில இருந்த பிரெஞ்சுக்காரங்க தங்களோட அளவு தண்ணியைப் பங்கு போட்டுக் குடுத்தாங்க. இவங்களுக்கும் எட்டுதான் போட்டேன். எட்டு போட்டதால இவங்களும் எங்க கேம்ல நடந்து போக மாட்டாங்க.

தைரியத்தையும் சாகுறதையும் ஒரே கட்டத்துல வச்சது தப்புன்னு ஒரு நாள் தோணுது. மறுநாள், இல்ல, பட்டாளத்துல அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் இருக்கு, அந்த ரெஜிமென்ட் கொடிக்கு தங்கப் பதக்கம் குடுத்ததே அழிஞ்சு போற வரைக்கும் நின்னதுக்குத்தானே, நான் யாரு பிரிக்கன்னு தோணுது. அந்த டெஸ்டரே தாத்தா படம் பக்கத்துல ரெஜிமென்ட்டோட சின்னத்தையும் வச்சிருக்காரு, வீடியோ கால்ல பின்னாடி சுவத்துல தெரியும். அவருக்கு ரெண்டும் முரண் இல்ல போல. எனக்குத்தான் இருக்கு.

கேமோட அடுத்த பேக்ல (கூடுதலா வர்ற பகுதியில) 133வது ரெஜிமென்ட் வருது, இத்தாலியோட லிட்டோரியோ டிவிஷன், அதுவும் அலமேன்ல அழிஞ்சதுதான். ஷீட் என் கிட்டதான் வந்திருக்கு, மொரேல் கட்டம் இன்னும் காலியா இருக்கு. சரணடையற ரூலை மொரேல்ல இருந்து பிரிச்சு தனியா வைங்க, டாங்க் எரிஞ்சா ஆளுங்க வெளிய வர ஒரு வாய்ப்பு குடுங்கன்னு சிஸ்டம் டீமுக்கு எழுதி அனுப்பியிருக்கேன். இந்த ரிலீஸ்ல நேரமில்லன்னு லீட் சொல்லிட்டாரு, அது நியாயமான காரணம்தான், அவங்களுக்கு வேற வேலை மலை மாதிரி இருக்கு. வியாழக்கிழமை மீட்டிங்ல மறுபடி கேக்கப் போறேன். அதுவும் நடக்கலன்னா 133க்கு எட்டா ஆறான்னு முடிவு பண்ணணும், இதை எழுதி முடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியல.