ஆர்ஃபியஸ் ஏன் திரும்பினான்?

ஐரோப்பியத் தொன்மங்களைத் தமிழில் சொல்லும் வேலையில் அடிக்கடி நேரும் பிழை, 'மூலக் கதை' ஒன்று எங்கோ இருப்பதாக நம்பி எழுதுவது. கிரேக்கத் தொன்மத்துப் பாடகன் ஆர்ஃபியஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். இறந்த மனைவி யூரிடிஸைத் தேடிக் கீழுலகம் போகிறான். பாடி அவளை மீட்கிறான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி இழக்கிறான். ஆதி கிரேக்கக் கதை என்று பலரும் நினைக்கும் இந்த வடிவம் நமக்கு முழுமையாகக் கிடைப்பதே ரோமக் கவி வெர்ஜிலிடம்தான், கி.மு. 29 வாக்கில். கி.மு. 438இல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் 'அல்செஸ்டிஸ்' நாடகத்தில், ஆர்ஃபியஸின் நாவும் பாட்டும் எனக்கிருந்தால் உன்னை மீட்டுவருவேன் என்று கணவன் மனைவியிடம் சொல்கிறான். அங்கே தோல்வியைப் பற்றிப் பேச்சே இல்லை. பிளேட்டோவிலோ, உயிரை விடத் துணியாத ஆர்ஃபியஸுக்குத் தேவர்கள் மனைவியின் நிழலுருவை மட்டும் காட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

அதனால் எழுத உட்காரும் முன் ஒரு தாளில் நான்கு கேள்விகளைப் போட்டு, ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிவைக்க வேண்டும். அவள் எப்படி இறந்தாள்? கீழுலகில் அவன் என்ன பேசினான்? ஏன் திரும்பினான்? அவள் என்ன சொன்னாள்?

இந்தத் தாள் இல்லாவிட்டால் வெர்ஜிலும் அவருக்குப் பின்வந்த ரோமக் கவி ஓவிடும் கலந்துவிடுவார்கள். வெர்ஜிலில், தேனீ வளர்க்கும் அரிஸ்டயஸ் துரத்த, ஓடும்போது அவளைப் பாம்பு தீண்டுகிறது. ஓவிடில் அரிஸ்டயஸே கிடையாது. தோழியரோடு புல்வெளியில் நடக்கையில் தீண்டுகிறது. வெர்ஜிலின் ஆர்ஃபியஸ் கீழுலகில் பேசுவதாக ஒரு வரிகூட இல்லை. பேசுபவள் யூரிடிஸ்: ஐந்து வரிகள், இது என்ன பித்து என்று அவனைக் கேட்டபடி இருளில் கரைகிறாள். சுமார் 35 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ஓவிட் இதை அப்படியே தலைகீழாக்கினார். அவனுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வரிகளில் ஒரு வாதம்; அவளுக்கு ஒரே சொல், 'விடைபெறுகிறேன்'. அதுவும் அவன் காதில் சரியாக விழவில்லை. வெர்ஜிலில் ஏழு மாத அழுகை ஓவிடில் ஏழு நாள் ஆகிறது. அவன் பேச்சையும் அவள் புலம்பலையும் ஒரே காட்சியில் சேர்த்தால், இரண்டு கவிகள் செய்த வேலையும் வீணாகும்.

ஓவிடின் அந்த வாதத்தில் ஓர் இடம் மிக அழகானது. அவளைத் தானமாகக் கேட்கவில்லை, 'ஊசுஸ்' (usus) ஆகக் கேட்கிறேன் என்கிறான். ரோமச் சட்டத்தில் அது உரிமை மாறாமல் பயன்படுத்திக்கொள்ளும் பாத்தியதை. அவள் உரிய காலத்தில் உங்களிடமே வந்துவிடுவாள் என்பது வாதம். இதைக் 'கடன்' என்று பெயர்த்தால் உருக்கம் மிஞ்சும், வழக்காடும் குரல் போய்விடும். 'அனுபவ பாத்தியதை' என்ற பத்திரச் சொல் காதல் கவிதையில் கரடுமுரடாகத்தான் ஒலிக்கும். ஆனாலும் அதுவே சரி என்பது என் முடிவு, ஏனெனில் ஓவிடும் அப்படித்தான் ஒலிக்கிறார்.

இடைக்கால ஆங்கிலப் பாடலான 'சர் ஆர்ஃபியோ'வில் நிபந்தனையே இல்லை. மாய உலகத்து அரசன் கவர்ந்துபோன மனைவியை யாழிசைத்து மீட்டு, அரசாட்சியையும் திரும்பப் பெறுகிறான். கதைச் சுருக்கம் எழுதுவோர் இதில் பழக்கத்தால் ஒரு 'திரும்பிப் பார்த்தலை'ச் சேர்த்துவிடுவதுண்டு. 1607இல் இத்தாலியின் மான்டுவாவில் அரங்கேறிய, இசையமைப்பாளர் மான்ட்டவெர்டியின் ஆர்ஃபியஸ் ஓபராவுக்கு இரண்டு முடிவுகள் உண்டு: அந்த ஆண்டு அச்சான பாடல்நூலில் வெறிகொண்ட பெண்கள் வருகிறார்கள், 1609இல் அச்சான இசைப்பிரதியில் அப்பல்லோ அவனை விண்ணுக்கு அழைத்துப்போகிறான். எந்தப் பிரதி என்று சொல்லாமல் முடிவைப் பற்றி எழுதக் கூடாது.

நான்காவது கேள்விக்கு மிகக் கடுமையான பதில் ஜெர்மன் மொழிக் கவி ரில்கே 1904இல் எழுதிய கவிதையில் இருக்கிறது. அவன் திரும்பிவிட்டான் என்று, அவளை அழைத்துவரும் தேவன் ஹெர்மஸ் வேதனையோடு சொல்கிறான். அவளுக்குப் புரியவில்லை, மெல்லக் கேட்கிறாள்: 'யார்?' தமிழில் இதை 'யார் அவர்?' என்று நீட்டத் தோன்றும். நீட்டக் கூடாது. 'அவர்' என்ற ஒரு சொல் வந்தாலே அவள் அவனைப் பாதி அடையாளம் கண்டுவிட்டவளாகிவிடுவாள்.