மூன்று மாதக் கணக்கு

ஏப்ரல் 9

அம்மாவின் ரத்தத்தில் மூன்று மாதச் சீனி 9.3. போன தடவை 8.9. மருந்தைக் கூட்டியும் ஏறித்தான் இருக்கிறது. நர்ஸ் மிஸ்ஸி கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, "வாயக் கட்டச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். ஹட்டன் வரும்வரை பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை. வந்ததும் சீனி டின்னை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தேன். அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே, "பூட்டிக்க. சாவிய கழுத்துல மாட்டிக்க" என்றாள்.

ஏப்ரல் 11

கருப்பட்டித் துண்டுகளை எண்ணி வைத்தேன். பதினொன்று.

ஏப்ரல் 12

பதினொன்று.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பக்கத்து லயத்திலிருந்து தட்டுத் தட்டாகப் பலகாரம். அம்மாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பயத்தம் உருண்டை, பாதி கொக்கிஸ், ஒரு முறுக்கு. முறுக்கைக் கடிக்கவில்லை, பிளேன்டீயில் ஊற வைத்துச் சப்பினாள். "என்னா, பல்லு இல்லாத பாட்டி மாதிரி" என்று சின்னவன் சிரித்தான். எல்லாரும் சிரித்தோம்.

ஏப்ரல் 15

தலையணை உறை துவைத்தேன். ஓரத்தில் காசளவு பழுப்புக் கறை. வெற்றிலைக் கறை என்று நினைத்தே இத்தனை நாளாகத் தேய்த்து அலசியிருக்கிறேன். இன்று முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசமே இல்லை.

ஏப்ரல் 16

"தூங்கறப்ப கொஞ்சம் ரத்தம் வரும். பல்லு எகிறுதான். அதுக்கு என்னா இப்ப?"

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நினைவில்லையாம். தம்பி கொழும்புக்குப் போன வருஷம் இருந்ததாம். அவன் போய் நான்கு வருஷம்.

ஆறு வருஷமாகச் சீனி. காலைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள். வாயைத் திறங்க என்று யாரும் சொன்னதில்லை. கிளினிக்கை மட்டும் குறை சொல்லி என்ன? ஒரே காம்பராவில் படுக்கிற நானும் சொன்னதில்லை.

ஏப்ரல் 22

பல் டொக்டர் சிங்களவர், சின்ன வயசு, தமிழ் தட்டித் தட்டி வருகிறது. வாயைத் திறந்து ஒரு பார்வைதான் பார்த்தார். நான் கொப்பியை எடுக்கவே இல்லை. "அம்மாவுக்குச் சீனி இருக்கா?" என்று கேட்டார். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

கன்னத்தின் உள்பக்கம், நாக்குக்கு அடி எல்லாம் லைட் அடித்துப் பார்த்தார். வெள்ளைத் திட்டு இல்லை, நல்ல வேளை என்றார். அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் எகிறுக்கும் நடுவே இறக்கி எண்ணைச் சொல்ல, மிஸ்ஸி எழுதினார். மூன்று. ஐந்து. ஆறு. ஆறு. நான்கு. ஏழு. மூன்று வரைக்கும் பயமில்லையாம். அதற்கு மேல் போனால் எகிறு பல்லை விட்டுக் கழன்று பை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். பைக்குள் பிரஷ் போகாது, கிருமி மட்டும் போகும். கம்பி இறங்கிய இடத்திலெல்லாம் ரத்தம் எட்டிப் பார்த்தது. வாய் முழுக்க உள்ள பைகளை விரித்துப் போட்டால் உள்ளங்கை அளவு புண் வரும் என்றார். உள்ளங்கை அளவு புண் காலில் இருந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்போம்.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் 'முரசு நோய்' என்று இருந்தது, எகிறு நோய்தான். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கோயில் முரசா?" என்றாள்.

ஏப்ரல் 23

கருப்பட்டி பத்து.

ஏப்ரல் 24

கேட்டேன். "நா எடுக்கல" என்றாள். கத்திவிட்டேன். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்தது கேட்டது.

ஏப்ரல் 29

வலது பக்கப் பல்லைச் சுத்தம் செய்து முடித்தார்கள். காலையில் ரொட்டியும் மாத்திரையும் தவறாமல் கொடுத்துத்தான் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றில் கதிரையில் கிடந்தால் சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரலாமாம்.

மரத்துப்போக ஊசி. அந்த மெஷின் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கீச்சென்று கத்த, அம்மா என் கையை விடவே இல்லை. எகிறுக்கு அடியிலிருந்து வந்த துண்டுகளைக் கிண்ணத்தில் பார்த்தேன். வெளியே இருந்தது வெற்றிலைக் காவி. உள்ளே இருந்தது கருகருவென்று, ரொட்டிக் கல்லில் அடிப்பிடித்ததைச் சுரண்டினால் வருமே, அந்த மாதிரி. அரிசி அளவு ஒன்று, கடுகு அளவு நிறைய. இத்தனை வருஷமாக இவை உள்ளே உட்கார்ந்திருந்தன. நான் வெளியே டின்னைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

மே 6

இடது பக்கமும் முடிந்தது. இன்றிலிருந்து கணக்கு. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும். அதில் ஒட்டிய சீனியைத்தான் மூன்று மாதச் சீனி என்று பார்க்கிறார்கள். அதனால் ஆகஸ்ட்டுக்கு முன்னால் பார்த்து லாபமில்லை.

மே 9

கீழ் முன்பல் ஒன்று ரொட்டியோடு வந்துவிட்டது.

"நல்லா இருந்த பல்ல இளக்கி விட்டுட்டாங்க. நீதான கூட்டிட்டுப் போன" என்று அம்மா சாயங்காலம் வரை புலம்பினாள். நன்றாக இருந்த பல் இல்லை, பல்லில் படிந்த காறைதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, எலும்பு எப்போதோ கரைந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பல்லைத் தீப்பெட்டியில் போட்டு சாமி தட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

மே 12

வெசாக். டவுன் முழுக்க விளக்குக் கூடு, இலவசமாகக் கொடுக்கிற தன்சல். பச்சை நிறச் சர்பத்தை ஒரு பையன் ஓடி வந்து அம்மா கையில் திணித்தான். என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "பல்லு கூசுது" என்று என்னிடமே நீட்டினாள். நான்தான் முழுவதையும் குடித்தேன்.

மே 20

மழை.

மே 27

மழை. மண் சரிந்து பாதையில் கிடக்கிறது. சீனி மாத்திரை மெட்போமின் நான்கு நாளைக்கு இருக்கிறது.

ஜூன் 3

தூக்கம் வரவில்லை. போனில் படித்துக்கொண்டே இருந்தேன்.

சீனி கூடினால் முரசு கெடுவது எனக்குப் புரிந்த பக்கம். ரத்தக் குழாய் தடிக்கும், வெள்ளையணு மந்தமாகும், புண் ஆறாது. மறுபக்கம்தான் எனக்குப் புதிது. முரசில் ஓயாமல் அழற்சி இருந்தால் அதிலிருந்து கிளம்புகிற சில பொருட்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். அவை இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாமல் செய்துவிடும். பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிறார், ஆள் லயத்தில்தான் இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது. அப்படி. அதனால் சீனி ஏறும். ஏறினால் முரசு இன்னும் கெடும்.

ஹரால்ட் லோ என்று ஒரு பல் ஆராய்ச்சியாளர், நோர்வேக்காரர். முரசு நோயைச் சீனி வருத்தத்தின் ஆறாவது சிக்கல் என்று 1993-ல் எழுதியவர். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண், அதற்குப் பிறகு இது. யார் இவர் என்று தேடிக்கொண்டே போனால், 1970-ல் இங்கேதான் வந்திருக்கிறார். இங்கே என்றால் எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை, இளவயசிலிருந்து பதினைந்து வருஷம், இடையிடையே வந்து வாயைப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு முரசு வேகமாகக் கெட்டது. 81 பேருக்கு மெதுவாக. 11 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த 8 பேர் கூட்டத்துக்கு 45 வயதுக்குள் பல்லே மிஞ்சவில்லை.

தாத்தாவுக்கு 1970-ல் இருபத்தெட்டு வயசு.

ஜூன் 4

அம்மாவிடம் கேட்டேன். வெள்ளைக்காரர் யாராவது வந்து தாத்தா வாயைப் பார்த்தார்களா? "ஒங்க தாத்தன் வாயத் தொறந்தா சாராய வாடதான் வரும், எந்த வெள்ளக்காரன் நிப்பான்?" என்றாள். தாத்தா சாகும்போது எத்தனை பல் இருந்தது? யோசித்தாள். "கடலை திம்பாரு" என்றாள். அப்படியானால் 11.

ஜூன் 5

480 பேரும் ஆண்கள். கொழுந்து எடுத்த பெண்களின் வாயை யாரும் எண்ணவில்லை.

ஜூன் 19

ஹட்டன் பஸ்ஸில் எதிரே இருப்பவர்களின் வாயைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. எட்டு, எண்பத்தொன்று, எண்பத்தொன்று, பதினொன்று. ஒரு பெரியவர் முறைத்தார்.

ஜூலை 2

தலையணை உறை ஒரு மாதமாகச் சுத்தம். வாய் நாற்றமும் இல்லை. மெல்லிய பிரஷ், காலை மாலை. விரலும் கரியும் நிறுத்தியாயிற்று. வெற்றிலை நிற்கவில்லை. புகையிலையை மட்டும் விட்டதாகச் சொல்கிறாள். நம்புகிறேன், முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்க்காமல்.

பல்லெல்லாம் நீண்டுவிட்ட மாதிரி இருக்கிறது. வீக்கம் வற்றி எகிறு இறங்கிவிட்டது, அதுதான். கண்ணாடியில் பார்த்து "குதிரை" என்றாள்.

ஜூலை 15

2022-ல் கொக்ரேன் என்கிற மருத்துவ அமைப்பின் தொகுப்பு ஒன்று வந்திருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், முரசுக்கு வைத்தியம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் அந்த மூன்று மாதச் சீனி எண் சராசரியாக 0.43 இறங்கியிருக்கிறது.

9.3-இல் 0.43 போனால் 8.87.

ஏழுக்கு வர இன்னும் எவ்வளவு தூரம். ஒரு மாத்திரை கூட்டினால் கிடைப்பதை விடக் குறைவுதான் என்று தோன்றுகிறது, ஆனால் இதற்கு மாத்திரை இல்லாமல் கிடைக்கிறது. கோதுமை மா ரொட்டி மூன்றிலிருந்து இரண்டாக வேண்டியதும் உண்மைதான், நடக்க வேண்டியதும் உண்மைதான். அதற்காக நான் கத்தியது சரியென்று ஆகாது.

ஜூலை 22

இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏப்ரல் 22 ராத்திரி, அந்த உள்ளங்கைப் புண்ணை நினைத்துத் தூக்கம் வராமல் பிளேன்டீ போட்டேன். வெறும் தேத்தண்ணி எனக்கு இறங்காது. பதினோராவது துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தது நான்.

ஜூலை 23

சொல்லவில்லை இன்னும்.

ஜூலை 24

சொன்னேன். "தெரியும்" என்றாள். "கடிச்ச சத்தம் கேட்டுச்சு."

ஜூலை 30

பல் துலக்கித் துப்பினேன். சிவப்பு. எனக்கு நாற்பத்தொன்று. ஒரு தடவைகூடச் சீனி பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 5

லெப்பில் ரத்தம் கொடுத்தாயிற்று. அம்மாவுக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு குத்து. எழுந்தவள், சட்டையை இறக்கிக்கொண்டே என் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தாள். "இதுக்கும் பாத்துருங்க" என்றாள் அந்தப் பிள்ளையிடம். ரிப்போர்ட் வாங்க இரண்டு துண்டுகள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 7

துண்டுகள் இரண்டும் சீனி டின்னுக்குள் இருக்கின்றன. டின்னை எப்போது கீழே இறக்கினாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8

போயா, பௌர்ணமி லீவு. லெப் பூட்டு. மழையில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்.