எங்கள் ஊர்க் கோபுரம் மக்களவைக்குப் போன வழி

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கொட்டச்சேட்டைத் தாண்டி உள்ளே செல்லும் மண்சாலையில் இருக்கிறது எங்கள் சிற்றூர். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர் அது. அரசுப் பணத்தில் அங்கே ஒரு செல்போன் கோபுரம் எழுப்பினார்கள், வண்ணம் பூசினார்கள், கம்பிவேலி போட்டுப் பூட்டும் தொங்கவிட்டார்கள். சிக்னல் மட்டும் வரவில்லை. ரேஷன் கடையில் கைரேகைக் கருவி வேலை செய்யாதபோது விற்பனையாளர் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார், அரிசிப் பையோடு பெண்கள் பின்னால் ஏறுவார்கள். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் வருகைப் படத்தைச் செயலியில் ஏற்றவும், பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு 108-ஐ அழைக்கவும் அந்த மேட்டை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக இந்தக் கோபுரத்துக்கு நாங்கள் பதில் கேட்டு வாங்கியதை, இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

யாரிடம் போவது என்பதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகமும் சேலத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, கெங்கவல்லி, ஆத்தூர் ஆகியவற்றோடு சேர்ந்து கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. சேலம் மக்களவைத் தொகுதியில் மாநகரின் மூன்று தொகுதிகளோடு ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி ஆகியவைதான் இருக்கின்றன. ஆகவே மலையில் இருப்பவர்கள் கள்ளக்குறிச்சி உறுப்பினரைத்தான் தேடிப் போக வேண்டும். எங்கள் கோரிக்கை அவரிடம் கொண்டுபோகத் தக்கதாகவும் இருந்தது. ரேஷன் கடையும் ஊர்ச்சாலையும் மாநில அரசின் பொறுப்பு. தொலைத்தொடர்பு மத்திய அரசின் பொறுப்பு. மத்திய அரசுக்கு முதன்மைப் பொறுப்பு இல்லாத விஷயத்தில் மக்களவையில் கேள்வியை ஏற்கமாட்டார்கள்.

முதலில் எல்லோரையும் போல நாங்களும் மனு கொடுத்தோம். உறுப்பினர் தம் பரிந்துரைக் கடிதத்தை இணைத்து, கோபுரத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். 'தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரிப் பதில் வந்ததோடு சரி. மறுபடியும் போனபோது அலுவலக உதவியாளராக இருந்த இளைஞர், "கடிதத்துக்குப் பதில் வரலாம், வராமலும் போகலாம் ஐயா. கேள்வியை ஏத்துக்கிட்டாங்கன்னா அமைச்சர் பேர்ல பதில் வந்தே ஆகணும்" என்றார். அரசமைப்புச் சட்டத்தின் 75-ஆவது உறுப்பு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்கிறது. பள்ளியில் ஆண்டுதோறும் பாடமாக நடத்திய அந்த வாக்கியம், எங்கள் ஊர்க் கோபுரத்தையும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

கேள்வி நேரம் என்பது அவை கூடும் நாள்களில் காலை 11 முதல் 12 மணி வரை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நேரில் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் துணைக் கேள்விகளும் கேட்கலாம். ஒரு நாளைக்கு அப்படி 20 கேள்விகள்தான். குறியற்ற கேள்விகள் 230 வரை பட்டியலில் இடம்பெறும். அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நாள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த நாளுக்குக் குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். வரிசையைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதால், நல்ல கேள்வியும் மேலே வராமல் போகலாம். எங்களுடையது குறியற்ற கேள்வியாக வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அமைச்சர் பேசி முடித்ததும் கலைந்துபோகும் காரசாரத்தைவிட, எழுத்தில் வந்து நாடாளுமன்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கக் கிடைக்கும் பதில், எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது.

முதல் கேள்வி பொதுப்படையாக அமைந்தது: பழங்குடி மலைக்கிராமங்களில் செல்போன் சேவை கிடைக்கிறதா, இல்லையென்றால் அரசு எடுத்த நடவடிக்கை என்ன? பதிலில் கேள்வியின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒன்றாகச் சேர்த்து, சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுவர 26,316 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு 2022 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் அளித்ததை விவரித்திருந்தார்கள். சொன்னது உண்மைதான்; ஆனால் கேட்டதற்கு அது விடையாகவில்லை. இணைப்புப் பட்டியலில் எங்கள் ஊருக்கு நேரே 'செயல்பாட்டில் உள்ளது' என்று இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டியபோது எழுந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கோ அது கையில் கிடைத்த ஆதாரமாகத் தெரிந்தது. அதுவரை எங்கள் வாய்ச்சொல்லாக இருந்த குறை, இப்போது அரசு எழுதிக் கொடுத்த வாசகத்துக்கும் ஊரின் நிலைமைக்கும் இடையிலான வேறுபாடாக மாறிவிட்டது.

பதில் தரப்பட்ட கேள்வியின் சாரத்தையே திரும்பக் கேட்க விதி இடம் தராது. கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும். அதில் வாதமோ குற்றச்சாட்டோ கிண்டலோ இருக்கக் கூடாது. அடுத்த கூட்டத்தொடருக்காக உதவியாளரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கினோம். 'ஏன் தாமதம்' என்ற சொற்றொடரை நீக்கிவிட்டுத் தேதிகளைக் கேட்டோம். ஏற்காடு வட்டத்தில் அரசு நிதியில் கட்டிய கோபுரங்களில் மின் இணைப்புப் பெற்றவை எவை, பெற்ற தேதி என்ன; கட்டி முடித்தும் சேவை தொடங்காதவை எவை, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன; அந்தத் தடை நீங்க எந்த அலுவலகம் என்ன அனுமதி தர வேண்டும், அதற்கு விண்ணப்பித்த தேதி என்ன; சேவை எப்போது தொடங்கும்? இப்படிக் கேட்டுவிட்டால் நாடு முழுவதற்குமான புள்ளிவிவரத்தை வைத்து நழுவ முடியாது. தேதி இருந்தால் தேதியைச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

பதில் வரும் நாளுக்குக் காத்திருந்த இடைவெளியில், பொதுக் குறையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர இடம் தரும் 377-ஆவது விதியின் கீழ், உறுப்பினர் இதே குறையைத் தமிழிலேயே அவையில் வாசித்தார். தாய்மொழியில் பேச அங்கே இடமுண்டு. மொழிபெயர்ப்பு உடனுக்குடன் நடக்கிறது.

ஓர் உறுப்பினர் எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை நாள் அவைக்கு வந்தார் என்ற கணக்குகளைப் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. அவை தேவைதான். ஆனாலும், வந்த பதிலைப் படித்து, அது பதிலாக இல்லாதபோது அடுத்த கேள்வியை இன்னும் நெருக்கமாகக் கேட்டவர் யார் என்பதுதான் என் அளவுகோல். 1957-இல் அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்ததைப் பெரோஸ் காந்தி ஆளுங்கட்சியில் இருந்துகொண்டே விடாமல் கேட்டார். நீதிபதி எம். சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958-இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எங்கள் விவகாரம் அதன் முன்னால் கடுகளவுகூட இல்லை என்றாலும், விடாமல் கேட்பது என்ற முறை ஒன்றேதான்.

இரண்டாவது பதிலில் விஷயம் வெளிவந்தது. கோபுரத்துக்கான மின்பாதை காப்புக்காட்டின் ஒரு துண்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. வனத்துறை அனுமதிக்கு 'விண்ணப்பிக்கும் பணி நடைபெற்று வருகிறது'. சேவை 'விரைவில்' தொடங்கும். விண்ணப்பித்த தேதி கொடுக்கப்படவில்லை. விண்ணப்பமே போகவில்லை என்பது அதிலேயே புரிந்துவிட்டது. அதுவரை நிறுவனத்தார் மின்வாரியத்தையும், மின்வாரியத்தார் வனத்துறையையும் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்பு எந்த மேசையிலும் இல்லை என்பதை ஒரு தாள் காட்டிக்கொடுத்தது.

அதற்குப் பிறகு வேலை ஊரிலேயே நடந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)-இல், மின்பாதை, தொலைத்தொடர்புப் பாதை, பள்ளி, ரேஷன் கடை போன்ற அரசு வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க வழி செய்கிறது. வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த அளவில் சிறு பங்குதான். கிராம சபையில் தீர்மானம் போட்டோம். பெண்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். தீர்மானத்தையும் மக்களவைப் பதிலின் நகலையும் சேர்த்து மாவட்ட வன அலுவலரிடம் கொடுத்தோம்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொறுப்பேற்று நடத்தும் ஒரு குழு மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்பது அதன் பெயர். அதிகாரிகள் வழக்கில் 'திஷா கூட்டம்'. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தால் ஒருவர் தலைவராகவும் மற்றவர்கள் இணைத் தலைவர்களாகவும் இருப்பார்கள். சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் எங்கள் உறுப்பினர் அந்தப் பதிலை மேசைமேல் வைத்து, மூன்று துறை அதிகாரிகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு கேட்டதாக உதவியாளர் சொன்னார். விண்ணப்பம் அதற்குப் பிறகு தாமதமாகவில்லை. மின்பாதை வந்தது, கோபுரம் இயங்கத் தொடங்கியது. ரேஷன் கருவி இப்போது கடையிலேயே இருக்கிறது.

'விரைவில்', 'பரிசீலனையில் உள்ளது' போன்ற சொற்களை அமைச்சர் அவையில் சொல்லிவிட்டால் அவை உறுதிமொழியாகக் கணக்கில் ஏறலாம். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் கால நீட்டிப்புக் கேட்டு அரசு உறுதிமொழிக் குழுவிடம் போக வேண்டும். ஆட்சி மாறினாலும் அமைச்சர் மாறினாலும் அந்தக் கணக்கு அழிவதில்லை. இந்தக் குழுவைப் பற்றி நம் ஊர்களில் யாருமே பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போனால் மணிக்கணக்கில் வராது. கோபுரத்தில் இருக்கும் மின்கலம் அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. அப்போது மறுபடியும் சிக்னல் போய்விடுகிறது. மின்தடையின்போது ஒவ்வொரு கோபுரமும் எத்தனை மணி நேரம் இயங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கிறது, கடந்த மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம் இயங்கியது என்று தேதிவாரியாகக் கேட்கும் கேள்வியை எழுதி உதவியாளரிடம் கொடுத்திருக்கிறோம்.