அங்கணத்து வாருகாலில் செத்துக் கிடந்த பெருச்சாளி

வீட்டுக்குள் செத்த நாற்றம் அடித்தால் முதலில் காஸ் சிலிண்டரைப் பார்த்துவிடுங்கள். கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சமையல் காஸில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைக் கலக்கிறார்கள். மாமிசம் அழுகும்போதும் அதே இனத்து வாடைதான் கிளம்பும். எங்கள் வீட்டில் அம்மாதான் முதலில் சொன்னாள். அடுப்பைப் பற்றவைக்காமல், சுவிட்சைத் தொடாமல், சன்னலைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரிலும் டியூபிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தேன். குமிழி எதுவும் வரவில்லை. அதற்கப்புறம்தான் பாத்திரம் கழுவும் அங்கணத்துப் பக்கம் போனேன்.

சேரன்மகாதேவியில் எங்களுடையது பழைய நீள வீடு. தெருவில் இருந்து தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, அதை ஒட்டி அங்கணம், கடைசியில் புறவாசல். அங்கணத்துத் தண்ணீர் புறவாசல் தரைக்கு அடியில் ஓடி, மூடி போட்ட சின்னத் தொட்டியான ஒரு சேம்பரில் விழும். குளிமுறித் தண்ணீரும் அதே சேம்பருக்குத்தான் வரும். அங்கிருந்து வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள முடுக்கு வழியாகத் தெரு வாருகாலுக்கு, அதாவது தெருச் சாக்கடைக்குப் போய்விடும். கழிப்பறைக் குழாய் இதில் சேராது, அது தனியாகச் செப்டிக் டேங்குக்குப் போகிறது. நாங்கள் எடுத்த எல்லா முடிவுக்கும் இந்த வழித்தடம் தெரிந்திருந்ததுதான் உதவியது. வீட்டில் எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாதவர்கள், நாற்றம் வராத நாளிலேயே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.

பங்குனி மாதம். பிசான நெல் அறுப்பு முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்தன. வயலில் தீனி இல்லாமல் போனதும் எலியும் பெருச்சாளியும் வீட்டுப் பக்கம் வரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அங்கணத்து ஓட்டையை மூடியிருந்த ஜாலியில் பச்சை நிறத்தில் மின்னும் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. சாதாரண வீட்டு ஈ எச்சில் தட்டுக்கு வரும். இந்தப் பச்சை ஈ பெரும்பாலும் பிணத்தையோ அழுகலையோ தேடித்தான் வரும். தண்ணீரும் வழக்கம்போல் இறங்காமல் கொஞ்ச நேரம் தேங்கி நின்று வடிந்தது. ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயின் வாயிலேயே வெள்ளைப் புழு நெளிந்தது. பங்குனி வெயிலில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும்.

பக்கத்து வீட்டு மதினி வந்து பார்த்துவிட்டு, "பாத்ரூம் கழுவுற ஆசிட் ஒரு பாட்டில ஊத்துங்க, எல்லாம் கரைஞ்சு போயிரும்" என்றாள். பாட்டிலைக் கையோடு கொண்டுவந்தும் விட்டாள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அன்று காலையில் நாற்றம் தாங்காமல் அம்மா அங்கணத்தில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தாள். அதன்மேல் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த அடுக்களையில் அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெட்டுப்போகும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு பாட்டில் ஆசிட்டுக்கு ஒரு முழுப் பெருச்சாளி கரையாது. பழைய குழாயின் சிமெண்டுப் பூச்சுதான் அரிக்கும். அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். அது கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி கட்டிப்பட்டு, இருக்கிற அடைப்பை இன்னும் இறுக்கிவிடும். கிளம்பும் சூட்டில் பிளாஸ்டிக் குழாயும் இளகும். மதினியிடம் இதையெல்லாம் சொல்லி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன்.

என் கருத்து இதுதான். வாருகாலில் எதையாவது ஊற்றுவதற்கு முன் அது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இடம் தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. பினாயில், ஊதுபத்தி, ஸ்பிரே எல்லாம் நாற்றத்தைத்தான் மறைக்கும், அடைப்பு அப்படியே இருக்கும். போதாததற்கு இருக்க இருக்க நம் மூக்கு அந்த வாடைக்குப் பழகியும் போய்விடும். குறைந்துவிட்டது என்று நாம் நினைப்போம், வெளியிலிருந்து வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார்கள்.

சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, உடனே குனிந்து பார்க்காமல் கொஞ்ச நேரம் காற்றாட விட்டோம். மூடிக்கிடந்த சாக்கடையில் ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும். அது காற்றைவிடக் கனமானது, அடியிலேயே கிடக்கும். அளவு கூடினால் நாற்றமே தெரியாதபடி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும் என்பதுதான் அதன் பெரிய ஆபத்து. அப்புறம் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, முதலில் குளிமுறியில் ஊற்றினேன். நீலத் தண்ணீர் சடசடவென்று சேம்பரில் வந்து விழுந்து தெருப்பக்கமும் ஓடியது. ஆக அந்த வழி சுத்தம், முடுக்குக் குழாயும் சுத்தம். அடுத்து அங்கணத்தில் ஊற்றினேன். வெகுநேரம் கழித்து நூலாகக் கசிந்தது. அடைப்பு அங்கணத்துக்கும் சேம்பருக்கும் நடுவில்தான்.

அந்தத் தூரத்தில் எங்கே? தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் குழாய் ஒன்றை சேம்பர் பக்கமிருந்து உள்ளே விட்டேன். ஓர் இடத்தில் மெத்தென்று முட்டி நின்றது. சேம்பர் சுவரோடு ஒட்டிய இடத்தில் ஹோஸில் ஒரு கயிற்றைக் கட்டி அடையாளம் வைத்து, வெளியே இழுத்து, அதே நீளத்துக்குத் தரையின்மேல் கிடத்திப் பார்த்தோம். துவைகல்லுக்கு நேராக வந்தது. அம்மாவுக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. அடுக்களையைப் புதுப்பித்தபோது அந்த இடத்தில்தான் பழைய மண்குழாயில் புது 4 இன்ச் பிளாஸ்டிக் குழாயைச் சொருகி ஒட்டு போட்டிருந்தார்கள்.

இதற்குமேல் எங்களால் ஆகாது என்று பிளம்பர் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அறுபதை ஒட்டிய வயது, ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் அவர் கை பட்டவை. வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, "கைய விட்டா ரெண்டு நிமிசத்துல வெளிய வந்துரும்மா, எத்தன வீட்ல எடுத்துருக்கேன்" என்றார். வேண்டாம் என்று நின்றேன். அவருடைய குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக இருந்தது. வெடிப்புக்குள் மண் ஏறி, ஓர் ஓரம் சிவந்து போயிருந்தது. எலிக் காய்ச்சல் கிருமி எலி, பெருச்சாளியின் சிறுநீரில் வரும். ஈரத்திலும் சேற்றிலும் உயிரோடு கிடந்து, இப்படிப்பட்ட வெடிப்பு வழியாகவும் சிராய்ப்பு வழியாகவும் உடம்புக்குள் போகும். செத்த பெருச்சாளி கிடக்கிற குழாய்த் தண்ணீர் முழுக்க அதுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

அண்ணாச்சிக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். இத்தனை வருஷம் செய்தவனுக்கு இவள் சொல்லித் தருகிறாளே என்று நினைத்திருக்கலாம். "உங்க வேலைல குத்தம் சொல்லல அண்ணாச்சி, உங்களுக்குக் காய்ச்சல் வந்துரக் கூடாது" என்றேன். அதன்பிறகு மறுத்துப் பேசவில்லை. பஜாரில் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் கம் பூட்சும் வாங்கி வந்தேன். முகத்துக்கு மாஸ்க், தெறிப்பது கண்ணில் படாமல் இருக்க ஒரு கண்ணாடி. கூலியிலும் பேரம் பேசவில்லை. இந்த வேலையில் பேரம் பேசவே கூடாது என்பது என் எண்ணம். நம் வீட்டு அழுக்குக்குள் கை விடுகிறவருக்குப் பாதுகாப்பு வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு.

எடுப்பதற்கு முன் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து உள்ளே ஊற்றி ஊறவிட்டோம். 30 சதவீதம் குளோரின் உள்ள பவுடராக இருந்தால் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் போதும், அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். அங்கணத்துப் பக்கமிருந்து கம்பு விட்டுத் தள்ளலாமா என்று கையாள் பையன் கேட்டான். அண்ணாச்சி கூடாது என்றார். உப்பிப்போன உடம்பைத் தள்ளினால் ஒட்டில் போய் இன்னும் இறுகும், இல்லாவிட்டால் கிழிந்து குழாய் முழுக்கப் பரவும். அதனால் சேம்பர் பக்கமிருந்து இழுப்பது என்று முடிவானது. ஜிஐ கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து விட்டார். முதலில் வந்தது வால். அதோடு கொஞ்சம் தோல். அடுத்த இழுப்பில் வெறும் தேங்காய் நாரும் சோற்றுப் பருக்கையும் வந்தன. உடம்பு அசையவில்லை.

சரி, தோண்டிவிடுவோம் என்றார். துவைகல்லைப் புரட்டி வைத்துவிட்டு, சிமெண்டுத் தரையை உளியால் வெட்டி, மம்பட்டியால் மண்ணை அள்ளினால் முழங்கால் ஆழத்தில் ஒட்டு தெரிந்தது. மண்குழாயைப் பதமாகத் தட்டி உடைத்ததும் காரணம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. பிளாஸ்டிக் குழாயை மண்குழாய்க்குள் ஒரு சாண் நீளத்துக்குச் சொருகியிருந்தார்கள். ஒட்டுக்குப் போட்ட சிமெண்டு உள்பக்கம் வழிந்து பல் பல்லாக உறைந்திருந்தது. தெரு வாருகாலில் இருந்து மண்குழாய் வழியாக ஏறி வந்த பெருச்சாளி அந்தக் குறுகலுக்குள் தலையையும் தோளையும் நுழைத்துவிட்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டியிருக்கிறது. முன்னங்கால் நகங்கள் பிளாஸ்டிக்கில் கீறிய கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. அதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

குட்டிப் பூனை அளவுக்கு இருந்தது. இரண்டு பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போய், புறவாசலின் கோடியில், கிணற்றுக்கு எட்டத்தில், இடுப்பளவு குழி வெட்டி, பையிலிருந்து குழிக்குள் தள்ளினோம். நாற்றம் எழும்பாமலும் நாய் தோண்டாமலும் இருக்க மேலே சுண்ணாம்பைத் தூவி, மண்ணை மிதித்து, பாறாங்கல்லை ஏற்றி வைத்தோம். இதைக் கன்னடியன் கால்வாயில் தூக்கிப் போட்டுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் கீழே எத்தனை ஊர் குளிக்கிறது, எத்தனை வயல் பாய்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்தால் கை வராது. தெருவிலும் எறியக் கூடாது. எங்கோ விஷம் தின்று செத்ததாக இருந்தால் அதைத் தின்கிற நாய், பூனை, காக்கை, ஆந்தை எல்லாவற்றுக்கும் அந்த விஷம் போகும்.

எலி விஷக் கேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைத் தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்த்தான் சாகும் என்று நம்பி வைக்கிறார்கள். அப்படியெல்லாம் கிடையாது. ரத்தம் உறையாமல் செய்யும் அந்த விஷம் வேலை செய்யச் சில நாள் ஆகும். அதற்குள் எலி எந்தப் பொந்தில், எந்தக் குழாயில் கிடக்கிறதோ அங்கேயே சாகும். தரைக்கடியில் நீளக் குழாய் ஓடுகிற பழைய வீடுகளில் விஷம் வைப்பது, நாற்றத்தைக் கூலி கொடுத்து வரவழைப்பதற்குச் சமம். கூண்டில் சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்துப் பிடிப்பதே மேல்.

உடைத்த இடத்தில் சேம்பர் வரை மண்குழாயை எடுத்துவிட்டு, முழுக்க 110 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயாகக் கப்ளர் வைத்து ஒட்டினார் அண்ணாச்சி. கம்பி, மம்பட்டி, பூட்ஸ் எல்லாவற்றையும் பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் போட்டோம். எலிக் காய்ச்சல் பெரும்பாலும் கிருமி தொற்றிய 5 முதல் 14 நாளுக்குள் காட்டும், சிலருக்கு ஒரு மாதம் வரைகூட ஆகலாம். காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் கடும் வலி, கண் சிவப்பு என்று வந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போய், "சாக்கடையில் செத்த பெருச்சாளியை எடுத்தேன்" என்ற விவரத்தையும் சேர்த்துச் சொல்லும்படி அண்ணாச்சியிடமும் பையனிடமும் சொன்னேன். அந்த விவரம் இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். நல்லவேளை, யாருக்கும் எதுவும் வரவில்லை. கையுறையும் பூட்சும் அண்ணாச்சியிடமே இருக்கின்றன.

இதுவே செப்டிக் டேங்குக்குள் விழுந்திருந்தால் ஆளைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். அதற்குள் மனிதரை இறக்குவது உயிரோடு விளையாடுவது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் யாரையும் அந்த வேலையில் ஈடுபடுத்துவது குற்றம். உறிஞ்சும் லாரிதான் ஒரே வழி. 14420 என்ற எண்ணுக்கு போன் செய்தால் ஏற்பாடு செய்வார்கள்.

முடுக்குக் குழாய் தெரு வாருகாலில் முடியும் இடம் இத்தனை வருஷமும் திறந்தே கிடந்தது. இப்போது அங்கே துருப்பிடிக்காத கம்பி ஜாலியைக் கீல் வைத்து மாட்டியிருக்கிறோம். கண் கால் இன்ச்சுக்கு மேல் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் சுண்டெலி நுழையும். நிரந்தரமாகப் பூசிவிட்டால் சோறும் நாரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், அதனால்தான் கீல். வாரம் ஒருமுறை திறந்து குச்சியால் வழித்துவிடுகிறேன். அங்கணத்தில் முன்பு வெறும் ஓட்டையும் ஜாலியும்தான். அண்ணாச்சி சொன்னபடி அங்கே ஒரு நஹானி ட்ராப் வைத்தாயிற்று. அதில் இரண்டு இன்ச் ஆழத்துக்குத் தண்ணீர் நின்று குழாய்க் காற்றைத் தடுக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் அந்தத் தண்ணீர் வற்றியிருக்கும், வந்த கையோடு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.