ஒரே டயர் சரி, எத்தனை செட்?

ரிமோட் கார் பந்தயத்தில் எல்லோரும் ஒரே டயர்தான் மாட்ட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எங்கள் காரைக்குடி கூட்டத்தில் முதலில் கை தூக்கியது நான்தான். இன்றைக்கும் அந்த விதியின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அது பாதி விதி. மீதிப் பாதியையும் எழுத வேண்டும்.

நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு இருக்கும் 'பக்கி' (buggy) என்ற மண்தட ரிமோட் காரில் டயர்தான் எல்லாம். மோட்டார் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ரப்பர் மண்ணைப் பிடிக்கவில்லை என்றால் வண்டி சுற்றிக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் ஒருவர் பெட்டி நிறைய விதவிதமான டயர் கொண்டுவந்து, தடத்துக்கு எது சரி என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஒரே ஜோடியோடு வந்த பையன் என்ன செய்வான்? நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுவது போல, எல்லோருக்கும் ஒரே டயர் என்ற இந்த 'கன்ட்ரோல் டயர்' விதி அவனுக்கும் ஒரு இடம் கொடுத்தது.

சிக்கல் தேய்மானத்தில் இருக்கிறது. நம் செம்மண்ணில் சரளை அதிகம். காலையில் தண்ணீர் தெளித்து இறுக்கிய தடம், வெயில் ஏறியதும் மேலே பொடிக்கல்லாக நிற்கும். மென்ரப்பர் டயரில் நெட்டுக்குத்தாக நின்ற ரப்பர் முள்ளெல்லாம் மதியத்துக்குள் ஓரம் மழுங்கிவிடும். பின்சக்கரத்தின் நடுப்பகுதியை விரலால் தடவினால் மொட்டையாக இருக்கும். அதே கம்பெனி, அதே மாடல்தான். ஆனால் புதுசும் இதுவும் ஒன்றா?

போன பந்தயத்தில் ஒருவர் ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு சுற்று ஓட்டத்துக்கும், புது டயர் பாக்கெட் பிரித்தார். விதிப்படி அதில் தப்பே இல்லை. பக்கத்து மேஜையில் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், ரிம்மிலிருந்து பிய்ந்த டயர் ஓரத்தில் சூப்பர் குளூ விட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, "அண்ணே, காஞ்சிருச்சான்னு பாருங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே டயர்! அவன் வளைவுக்கு வளைவு வழுக்கியதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் கையில் திறமை இருக்கிறது.

ஃபார்முலா ஒன்னில் 2011 முதல் எல்லோருக்கும் பைரெல்லி டயர்தான். அதோடு விட்டுவிடவில்லை. வழக்கமான பந்தய வாரத்தில் ஒரு காருக்கு உலர்தட டயர் 13 செட் மட்டும், ஒவ்வொன்றிலும் பார்கோடு. கோடிக்கணக்கில் செலவழிக்கிறவர்களுக்கே கணக்கு வைத்துத்தான் கொடுக்கிறார்கள். இறக்குமதி டயருக்கு வரியும் கூரியரும் சேர்த்துக் கொடுக்கிற நமக்கு வேண்டாமா?

ஆளுக்கு இரண்டு செட் போதும். காலையில் வண்டிகளைச் சோதிக்கும்போதே பக்கவாட்டில் பெயின்ட் பேனாவால் எண் போட்டுவிடலாம். எண் இல்லாத டயர் தடத்தில் இறங்கக் கூடாது. ரப்பரை இளக்கப் பூசும் திரவத்துக்கும் முழுத் தடை வேண்டும், இல்லையென்றால் பணம் அந்தப் பக்கமாக நுழையும். அப்புறம், அடுத்த வருடத்து டயரை முடிவு செய்யும் முன் நம் மண்ணில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

எண் போடுகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கூட இன்னும் ஒருவர் வந்தால் போதும்.