படிக்கட்டு பளபளக்கிறது, ரயில்தான் வரவில்லை

ஜெர்மனியில் ஒழுங்கு போய்விட்டது என்று இங்கே எல்லோரும் புலம்புகிறார்கள். எங்கேயும் போகவில்லை. ரயில்வேயில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் மாடிப்படிக்குக் குடிவந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் இருப்பது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில், பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன ஊர். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. இந்தப் பக்கத்து ஜனங்களை ஷ்வாபியர்கள் என்பார்கள். சிக்கனத்துக்காகவும் சுத்தத்துக்காகவும் ஜெர்மனி முழுக்க இவர்களைக் கேலி செய்வதுண்டு, இவர்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களிடம் 'கேர்வோஹே' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாரத்துக்கு ஒரு வீடு முறை வைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்துவிட்டால் உங்கள் கதவில் ஒரு அட்டை தொங்கும், வேலை முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வரலாம். இதில் சின்னது, பெரியது என்று இரண்டு வகை வேறு. சின்னது உங்கள் தளத்துப் படிகளோடு சரி. பெரியது என்றால் வாசல் நடைபாதை, நிலவறைக்கு இறங்கும் படி, குப்பைத்தொட்டி நிற்கும் இடம், அப்புறம் பனிக்காலத்தில் ஊர் எழுந்து வேலைக்குக் கிளம்புவதற்குள் வாசல் பனியை வாரித் தள்ளுவது, எல்லாம் சேர்த்தி.

ஸ்டுட்கார்ட் நகராட்சி 1988லேயே, மன்ஃப்ரெட் ரோமல் மேயராக இருந்தபோது, இதைச் சட்டக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டது. (ஆமாம், இரண்டாம் உலகப்போர்த் தளபதி ரோமலின் மகன்தான் அவர்.) நகராட்சி எடுத்தால் என்ன, வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறதே, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறோமே. எனக்கு இதன் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய கீழ்வீட்டு அம்மாள். படி அழுக்காக இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லையாம், கூட்டுவது நாலு பேருக்குத் தெரிய வேண்டுமாம். அதனால் சனிக்கிழமை காலையில், வாளி கொஞ்சம் சத்தம் போடும்படியாக. செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் படியைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தாலும் அது கணக்கில் வராது. தினமும் விடியற்காலை வாசல் தெளிக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஊரில் பெருமை பேசலாம்தான். எங்கள் வீட்டில் தெளித்தது அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கதையும் இப்படித்தான். கடை கிடையாது, சுவரில் டிரில் போடக்கூடாது, புல் வெட்டக்கூடாது, காலி பாட்டிலைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடக்கூடாது. பாட்டில் உடையும் சத்தம் ஓய்வைக் கெடுக்குமாம். இது ஏதோ குடியிருப்போர் சங்கம் போட்ட விதி இல்லை, அரசியலமைப்பு. 1919இல் வைமர் அரசியலமைப்பில் ஞாயிறு என்பது வேலை ஓய்வுக்கும் மன உயர்வுக்குமான நாள் என்று எழுதிவைத்தார்கள், 1949இல் புது அடிப்படைச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை அப்படியே எடுத்து அதில் சேர்த்துக்கொண்டார்கள். ரசத்துக்கு இறக்கும்போது கொத்தமல்லி இல்லை என்று ஞாயிறு மதியம் தெரியவந்தால் அந்த மன உயர்வு என்னவென்று விளங்கும்.

இவ்வளவு கறாரான ஜனங்கள் ரயிலை எப்படி விட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். என் பெரியப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போனில் பேசினால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் "உங்க ஊர் வண்டியெல்லாம் டயத்துக்கு ஓடுதா?" என்று கேட்பார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஜெர்மன் ரயில்வே சொல்லும் கணக்குப்படியே 2024இல் தொலைதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமென்றால் அது தாமதமே இல்லை. முழுசாக ரத்தான வண்டி இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்போ வராத வண்டி லேட்டே ஆகலைன்னு சொல்லு. இது எங்க காலத்துல தெரியாமப் போச்சேப்பா" என்றார்.

ஜெர்மனியிலிருந்து மிகவும் தாமதமாக வரும் சில வண்டிகளை சுவிட்சர்லாந்துக்காரர்கள் உள்ளேயே விடுவதில்லை. எல்லையை ஒட்டிய ஸ்டேஷனில் நிறுத்தி ஜனங்களை இறக்கிவிட்டு, அங்கிருந்து தங்கள் வண்டியைத் தங்கள் நேரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய அட்டவணையும் சேர்ந்து குலையும். பேப்பர் சரியில்லை என்று எல்லையில் மனுஷனை நிறுத்துவது நமக்குப் புதிதில்லை, ரயிலையே நிறுத்துவதை இங்கே வந்துதான் கேள்விப்பட்டேன். நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் ஏறலாம் என்று 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஒரு மாதச் சீட்டு கொண்டுவந்தார்கள், நிஜமாகவே நல்ல திட்டம். 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63. விலை உயர்வு மட்டும் ஒன்றாம் தேதி டாணென்று வந்துவிடுகிறது.

ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அருகதை இல்லை. வண்டிகள் வந்து முட்டி நின்று திரும்பிப் போகும் பழைய முனையத்தை, பூமிக்கு அடியில், குறுக்காகத் திருப்பி, வண்டி நுழைந்து மறுபக்கம் வெளியேறும் நிலையமாக மாற்றும் வேலை. ஸ்டுட்கார்ட் 21 என்று பெயர், 21 என்பது நூற்றாண்டைக் குறிக்கிறது. (எந்த வருஷம் என்று போடாமல் விட்டது கெட்டிக்காரத்தனம்.) 2010இல் வேலை ஆரம்பித்தது. அந்த வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதி, பூங்கா மரங்களை வெட்டக்கூடாது என்று திரண்ட கூட்டத்தின் மேல் போலீஸ் தண்ணீர் பீய்ச்சியடித்ததில் ஒரு பெரியவருக்குக் கண்பார்வையே போனது. அந்தக் கோபமும் புகுஷிமா அணு உலை விபத்தும் சேர்ந்து அடுத்த வருஷம் இந்த மாநிலத்தில் பசுமைக் கட்சிக்காரர் முதலமைச்சரானார், ஜெர்மனியிலேயே முதல் தடவையாக. அப்புறம் பொதுவாக்கெடுப்பு வைத்தால் ஜனங்கள் 'கட்டியே முடியுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். 2009 ஒப்பந்தத்தில் நாலரை பில்லியன் யூரோ என்றிருந்தது இப்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. 2019இல் திறப்போம் என்றார்கள், அது தள்ளித் தள்ளி 2026 டிசம்பருக்கு வந்து நின்றது, 2025 நவம்பரில் அந்தத் தேதியும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் பிறந்த குழந்தைகள் மீசை முளைக்கிற வயதில், அந்தக் கட்டுமானத்தைச் சுற்றிப் போட்ட தற்காலிகப் பாதையில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

ரயில் மட்டுமா. 2024 செப்டம்பரில் ட்ரெஸ்டன் நகரத்தில் ஆற்றுப்பாலத்தின் ஒரு பகுதி ராத்திரியோடு ராத்திரியாக எல்ப் நதிக்குள் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அதற்குப் பிறகு, 2025 மார்ச்சில், கடன் வாங்குவதற்குத் தாங்களே அரசியலமைப்பில் போட்டுவைத்த பூட்டைத் தளர்த்தி, பாலம் ரயில் பள்ளிக்கூடம் என்று பன்னிரண்டு வருஷத்தில் செலவழிக்க 500 பில்லியன் யூரோ ஒதுக்கியிருக்கிறார்கள். கடனில்லாமல் வாழ்ந்தோம் என்று மார்தட்டிய வீட்டில் கூரை ஒழுகிய கதைதான் இது. சிக்கனம் பிடித்தது சரி, எதில் பிடிக்கிறோம் என்று பார்த்துப் பிடித்திருக்கலாம்.

பாலம் ஏன் விழுந்தது, ஸ்டேஷன் ஏன் முடியவில்லை என்று ஒரு மணி நேரம் பேசினால் எங்கேயாவது ஓரிடத்தில் பேச்சு வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. எப்படித் திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தாலும் பிடிபடவில்லை. 2025 பிப்ரவரித் தேர்தலில் வெளிநாட்டுக்காரர்கள் வருவதை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீதம் வாங்கி இரண்டாவதாக வந்தது. ஐந்து ஓட்டில் ஒன்று. எங்கள் கட்டிடத்தில் யார் யார் என்று யூகிக்கும் விளையாட்டை நானும் மனைவியும் கொஞ்ச நாள் விளையாடிப் பார்த்தோம், பிறகு விட்டுவிட்டோம். படிக்கட்டில் எல்லோரும்தான் வணக்கம் சொல்கிறார்கள்.

அந்த அக்டோபரில் சான்ஸலர் மெர்ஸ், அகதி விண்ணப்பங்கள் குறைந்துவிட்டன என்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஆனாலும் நகரங்களின் தோற்றத்தில் இந்தப் பிரச்சினை இன்னும் தெரிகிறது என்று ஒரு வார்த்தையை விட்டார். பெர்லினில் கூட்டம் கூடியது, டிவியில் வாரக்கணக்கில் விவாதம் ஓடியது. சில நாள் கழித்து, தங்கும் உரிமையும் வேலையும் இல்லாமல் இங்கத்திய விதிகளை மதிக்காதவர்களைத்தான் சொன்னேன், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நமக்கு வேண்டும் என்று விளக்கம் கொடுத்தார். சரி, என்னைச் சொல்லவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என் சம்பளச் சீட்டு யாருக்கும் வெளியே தெரியாது, முகம்தான் தெரியும். இத்தனைக்கும் பெரிய கேர்வோஹே வாரத்தில் அந்த நடைபாதையைப் பெருக்குவதே நான்தான். நகரத் தோற்றத்துக்கு சான்ஸலர் அலுவலகத்திலிருந்து யாரும் துடைப்பத்தோடு வந்ததாகத் தெரியவில்லை.

வேண்டும், வேண்டாம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது இவர்களுக்குப் பழக்கம்தான். 2000ஆம் ஆண்டு ஷ்ரோடர் அரசாங்கம் கம்ப்யூட்டர் ஆள்களுக்கு இருபதாயிரம் வரை கிரீன் கார்டு கொடுக்கிறோம் என்றபோது, நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் நின்ற ரூட்கர்ஸ் என்ற அரசியல்வாதி இந்தியர்களுக்குப் பதில் நம் பிள்ளைகளைப் படிக்க வைப்போம் என்று எதுகையோடு கோஷம் போட்டார். அந்தத் தேர்தலில் தோற்றார். ஐந்து வருஷம் கழித்து அதே மாநிலத்துக்கு முதல்வரும் ஆனார். 2024 அக்டோபரில் அப்போதைய சான்ஸலர் ஷோல்ஸ் டெல்லிக்குப் போய், இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கு வருஷத்துக்கு 20,000 விசா என்றிருந்ததை 90,000 ஆக்குகிறோம் என்று அறிவித்தார். அதே சமயத்தில் இங்கே வாகனத் தொழில் ஆட்டம் காண ஆரம்பித்தது. வோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கப்போகிறது, 2025 செப்டம்பரில் போஷ் இன்னொரு 13,000 என்றது. கூப்பிடுகிற கையும் அனுப்புகிற கையும் ஒரே நேரத்தில் ஆடினால் நடுவில் நிற்பவன் எந்தப் பக்கம் பார்ப்பது? எங்கள் கம்பெனியில் இன்னும் பட்டியல் எதுவும் வரவில்லை. கேன்டீனில் சத்தம் மட்டும் குறைந்திருக்கிறது.

நாங்கள் அரிசி, கறிவேப்பிலை வாங்கப் போகும் கடை ஒரு இலங்கைத் தமிழருடையது. 1985இல் வந்தவர். அந்தக் காலத்தில் வந்தவர்களில் பலர் விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து நகர ரயில் பிடித்து மேற்கே வந்துவிடுவார்கள். பெர்லின் முழுதும் ஒரே நகரம்தான் என்பது மேற்கு ஜெர்மனியின் கொள்கை, அதனால் அந்தப் பக்கம் எல்லைச் சோதனை வைக்க முடியாது. அந்த வழியை மூட மேற்கு ஜெர்மனி கிழக்கோடு பேசி, அந்த வருஷமே கிழக்கும் தமிழர்களை விசா இல்லாமல் ஏற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. பெர்லின் சுவரைத் தாண்ட முயன்ற ஜனங்களுக்காகக் கண்ணீர் விட்ட அதே மேற்கு ஜெர்மனி அரசாங்கம்தான் இப்படிப் பேசியது. அண்ணாவிடம் இந்த நகரத் தோற்றப் பேச்சைப் பற்றிக் கேட்டேன். பில் போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, எங்களைப் பொருளாதார அகதியள் எண்டு அப்பவே எழுதினவங்கள். வேலை செய்யவும் விடேல்லை, வேலை செய்யிறேல்லை எண்டு பேச்சும் விழும். இப்ப பிள்ளையள் டொக்டரா நிக்கினம். நீங்க உந்தச் செய்தியளைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோ." முருங்கைக்காய் கிலோ விலையையும் அவரே கூட்டிப் போட்டார், அதைப் பற்றி மட்டும் விளக்கம் இல்லை.

இப்போது வீட்டில் ஓடும் விவாதம் குடியுரிமை. 2024 ஜூனில் சட்டத்தை மாற்றி எட்டு வருஷத்தை ஐந்தாக்கினார்கள், பழைய பாஸ்போர்ட்டை விடச் சொல்லி ஜெர்மனி இனிக் கேட்காது. கேட்பது இந்தியா. இந்தக் குடியுரிமை வாங்கினால் அந்தக் குடியுரிமை போய்விடும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டைதான் மிச்சம், அதை வைத்துக்கொண்டு ஊரில் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஓட்டு இப்போது மட்டும் என்ன வாழ்கிறது, நேரில் போய் வரிசையில் நின்றால்தான் உண்டு, அந்தச் சமயத்துக்கு லீவு கிடைத்ததில்லை. நிலத்தைப் பற்றி பெரியப்பாவிடம் கேட்டேன். "வாங்க முடியாதா? இருக்கிற வயலையே நான்தானேப்பா பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். அதற்கு மேல் அந்த வாதம் நிற்கவில்லை.

ஆக, விண்ணப்பம் போடுவதாக முடிவு. தேர்வில் 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் போதும், கேள்வி மொத்தமும் முன்கூட்டியே வெளியிட்டிருக்கிறார்கள், பத்தாம் வகுப்பு கைடு மாதிரி. கோப்பு நகர எவ்வளவு காலம் ஆகும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும், வருஷக் கணக்கில் காத்திருப்பவர்களைத் தெரியும். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல், நடுவில் கவிழாவிட்டால், 2029இல். என் குடியுரிமை முதலில் வருமா, ஸ்டுட்கார்ட் ஸ்டேஷன் முதலில் திறக்குமா என்று பெரியப்பாவோடு பந்தயம். அவர் ஸ்டேஷன் பக்கம் கட்ட மறுத்துவிட்டார், ரயில்வேக்காரராச்சே.